பேர்ல் எஸ். பக்

பேர்ல் எஸ். பக் (ஜூன் 26, 1892 – மார்ச் 6, 1973) ஓர் அமெரிக்கப் புதின எழுத்தாளரும் சமூகப் பணியாளரும் ஆவார். சீன உழவர் வாழ்வைச் சித்தரிக்கும் தி குட் எர்த் (நல்ல நிலம்) என்னும் புதினத்தினால் உலகப் புகழ் பெற்றார். 1932 ஆம் ஆண்டில் புலிட்சர் பரிசும், 1938 ஆம் ஆண்டில் இலக்கியத்துக்கான நோபல் பரிசும் இவருக்குக் கிடைத்தன. இலக்கிய நோபல் பரிசைப் பெற்ற முதல் அமெரிக்கப் பெண்மணி இவரே.

இவருடைய ஒரே வயிற்றுப்பிள்ளையான கேரல் அறிவுசார் குறைபாட்டுடன் வாழ்ந்தவர். அம்மகளை வளர்த்த அனுபவத்தை இவர் 1950 ஆம் ஆண்டில் வெளிப்படையாக எழுதினார். இத்தகைய பிள்ளைகளை வீட்டுக்குள் மறைத்து வைப்பதே வழக்கமாக இருந்த காலத்தில், புகழ்பெற்ற ஒருவர் தம் பெயரிட்டு இதனை எழுதியது பெற்றோர் இயக்கங்களுக்குப் பெரும் ஊக்கமாக அமைந்தது.

இளமைக்காலம்

பேர்ல், அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ஹில்ஸ்பரோ என்னும் ஊரில், அப்சலோம் சைடன்ஸ்டிரிக்கர், கரோலின் இணையருக்கு மகளாகப் பிறந்தார். பெற்றோர் இருவரும் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையின் சார்பில் சீனாவில் சமயப் பணியாற்றி வந்தனர். விடுமுறையில் தாயகம் வந்திருந்தபோது பேர்ல் பிறந்தார். சில மாதக் குழந்தையாக இருக்கும்போதே இவரைப் பெற்றோர் சீனாவுக்கு அழைத்துச் சென்றனர். யாங்சி ஆற்றங்கரையில் உள்ள செஞ்சியாங் நகரில் இவர் வளர்ந்தார். ஆங்கிலமும் சீனமும் இவருக்கு இரு தாய்மொழிகள் போலவே அமைந்தன. சீன ஆசிரியர் ஒருவரிடம் செவ்விலக்கியம் பயின்றார். சாய் செஞ்சு என்னும் சீனப் பெயரும் இவருக்கு உண்டு.

தந்தை ஊர் ஊராகச் சென்று பணியாற்றியதால் குடும்பப் பொறுப்பு முழுவதும் தாயின் மீதே விழுந்தது. கரோலின் பெற்ற ஏழு பிள்ளைகளுள் நால்வர் சிறுவயதிலேயே இறந்தனர். எஞ்சியவர்கள் எட்கர், பேர்ல், கிரேஸ் ஆகிய மூவர் மட்டுமே. தாயின் இத்துயரம் பேர்லின் மனத்தில் ஆழப் பதிந்தது. பிற்காலத்தில் தாயின் வரலாற்றையும் தந்தையின் வரலாற்றையும் தனித்தனி நூல்களாக எழுதி 1936 ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

1910 முதல் 1914 வரை வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க் நகரில் உள்ள ராண்டால்ஃப்-மேகன் மகளிர் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார். தாய் நோயுற்ற செய்தி அறிந்து மீண்டும் சீனாவுக்குத் திரும்பினார்.

திருமணமும் மகள் பிறப்பும்

1917 ஆம் ஆண்டில் வேளாண் பொருளியல் அறிஞரான ஜான் லாசிங் பக் என்பவரைப் பேர்ல் மணந்தார். இருவரும் வட அன்ஹுயி பகுதியில் வறண்ட நிலத்தை நம்பி வாழ்ந்த உழவர்களிடையே சில ஆண்டுகள் குடியிருந்தனர். கணவரின் கள ஆய்வுகளுக்கு மொழிபெயர்ப்பாளராக இவரும் உடன் சென்றார். தி குட் எர்த் புதினத்தின் நிலக்களம் இப்பகுதியே ஆகும். பின்னர் கணவருக்கு நாஞ்சிங் பல்கலைக்கழகத்தில் பணி கிடைத்ததால் குடும்பம் அந்நகரில் குடியேறியது. பேர்லும் அங்கு ஆங்கில இலக்கியம் கற்பித்தார்.

1920 ஆம் ஆண்டு மார்ச் மாதம் கேரல் பிறந்தார். பிள்ளைப்பேற்றின்போது பேர்லுக்குக் கருப்பையில் கட்டி இருப்பது தெரியவந்தது. அமெரிக்காவுக்குச் சென்று அறுவை மருத்துவம் செய்துகொண்டார். அதன் பின் அவருக்கு வேறு குழந்தை பிறக்க வாய்ப்பில்லாமல் போனது. அடுத்த ஆண்டிலேயே தாய் கரோலினும் இறந்தார்.

கேரல் பிறந்தபோது பார்ப்பவர் வியக்கும் வண்ணம் அழகிய குழந்தையாக இருந்தார். முதலில் எவரும் எதையும் ஐயுறவில்லை. குழந்தைக்குத் தோலில் கரப்பான் போன்ற தடிப்பு இருந்தது. நாளடைவில், அவ்வயதுப் பிள்ளைகள் செய்பவற்றைக் கேரல் செய்யவில்லை என்பது தெரிந்தது. மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. ஒன்றின் மீது சற்று நேரமேனும் கவனம் நிலைக்கவில்லை. சில பிள்ளைகள் தாமதமாகவே பேசுவர் என்று நண்பர்கள் ஆறுதல் கூறினர். இத்தகைய ஆறுதலை நம்பிக் காலம் கடத்தியதைப் பேர்ல் பின்னாளில் வருத்தத்துடன் நினைவுகூர்ந்துள்ளார்.

மருத்துவர்களைத் தேடி

1924 ஆம் ஆண்டில் குடும்பம் ஓராண்டு விடுப்பில் அமெரிக்கா சென்றது. பேர்ல் மகளைத் தூக்கிக்கொண்டு மருத்துவர் பலரிடம் அலைந்தார். இறுதியில் மின்னசோட்டா மாநிலம் ராச்செஸ்டரில் உள்ள மேயோ மருத்துவமனையை அடைந்தார். அங்கே எல்லாச் சோதனைகளும் நடந்தன. தலைமை மருத்துவர், காரணம் தெரியவில்லை என்றும், நம்பிக்கையை முற்றிலும் கைவிட வேண்டியதில்லை என்றும் மென்மையாகச் சொல்லி அனுப்பினார். ஆனால் வெளியே வரும் வழியில் வேறொரு மருத்துவர் அவரைத் தனியே அழைத்து, இக்குழந்தை ஒருநாளும் இயல்பான நிலையை அடையாது என்றும், வீண் நம்பிக்கையில் பணத்தையும் வாழ்வையும் இழக்க வேண்டாம் என்றும் ஒளிவுமறைவின்றிக் கூறினார். அச்சொற்கள் கத்தி போல் இறங்கின என்றாலும், உண்மையைச் சொன்ன அம்மருத்துவருக்குப் பேர்ல் வாழ்நாள் முழுவதும் நன்றி பாராட்டினார். மருந்து தேடி அலைவது அன்றோடு நின்றது. மகள் எவ்வாறு வாழப்போகிறாள் என்னும் கேள்வி தொடங்கியது.

அதே விடுப்பின்போது ஜானிஸ் என்னும் பெண் குழந்தையைப் பக் இணையர் தத்தெடுத்தனர். பேர்ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

கற்பித்தலும் கைவிடலும்

நாஞ்சிங் திரும்பிய பின் பேர்ல் தாமே மகளுக்கு ஆசிரியர் ஆனார். எளிய சொற்களைப் படிக்கவும் எழுதவும் நாள்தோறும் பயிற்சி அளித்தார். கேரல் சிறிது கற்றுக்கொள்ளவும் செய்தார். ஒருநாள் எழுதப் பழக்குவதற்காக மகளின் கையைப் பிடித்தபோது, அப்பிஞ்சுக் கை முழுவதும் வியர்வையில் நனைந்திருப்பதை உணர்ந்தார். மறு கையைத் திறந்து பார்த்தார். அதுவும் அவ்வாறே இருந்தது. தனக்கு விளங்காத ஒன்றைத் தாயின் மனம் குளிர வேண்டும் என்பதற்காகவே குழந்தை தாங்க முடியாத அழுத்தத்துடன் செய்துகொண்டிருந்தது அவருக்குப் புரிந்தது. அன்றே நூல்களை மூடிவைத்தார். இனி மகள் எதைக் கற்கிறாள் என்பதைவிட, மகிழ்ச்சியாக இருக்கிறாளா என்பதே தம் அளவுகோல் என்று முடிவு செய்தார். இசையில் கேரலுக்கு இருந்த நாட்டம் இக்காலத்திலேயே தெரியவந்தது. இசைத்தட்டுகளைக் கேட்டுத் தனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கும் ஆற்றல் அவருக்கு இருந்தது.

சீன அண்டை வீட்டார் கேரலை இயல்பாகவே ஏற்றுக்கொண்டனர் என்று பேர்ல் பதிவு செய்துள்ளார். உடற்குறையோ அறிவுக்குறையோ உள்ளவர்கள் குடும்பத்தோடும் தெருவோடும் கலந்து வாழ்வது அங்கு வழக்கமாக இருந்தது. மாறாக, வெளிநாட்டவர் மிகுந்த ஷாங்காய் நகரத் தெருவில் தம் நாட்டுப் பெண்கள் இருவர் மகளைப் பார்த்து இகழ்ந்து பேசியதைக் கேட்டபோதுதான், வருங்காலத்தில் மகள் எதிர்கொள்ளப்போகும் உலகம் எத்தகையது என்பதை உணர்ந்தார்.

1927 ஆம் ஆண்டு மார்ச் மாதம் நாஞ்சிங் நகரில் வெளிநாட்டினர் மீது தாக்குதல் நடந்தது. பக் குடும்பத்தினர் ஏழைச் சீனப் பெண்மணி ஒருவரின் குடிசையில் ஒளிந்து உயிர் தப்பினர். பின்னர் சப்பானில் சில காலம் தங்கி, ஷாங்காய் வழியாக மீண்டும் நாஞ்சிங் சென்றனர். தமக்கு ஏதேனும் நேர்ந்தால் கேரலின் கதி என்ன என்னும் அச்சம் இதன்பின் பேர்லைவிட்டு நீங்கவில்லை. மகளின் நிலை குறித்துக் கணவன் மனைவியரிடையே ஒத்த கருத்து இல்லாததால் மணவாழ்விலும் விரிசல் வளர்ந்தது.

வைன்லேண்ட் பள்ளி

1929 ஆம் ஆண்டில் பேர்ல் மகளுடன் அமெரிக்கா சென்று, காப்பகங்கள் பலவற்றை நேரில் பார்வையிட்டார். சிலவற்றில் கட்டடங்கள் அழகாக இருந்தன, பிள்ளைகள் வாடியிருந்தனர். சிலவற்றில் பிள்ளைகள் மந்தை போல் அடைக்கப்பட்டிருந்தனர். இறுதியில் நியூ செர்சி மாநிலத்தில் உள்ள வைன்லேண்ட் பயிற்சிப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தார். அதன் தலைவரான எட்வர்ட் ஜான்ஸ்டோன், பிள்ளை மகிழ்ச்சியாக இருந்தால்தான் மற்றவை கைகூடும் என்னும் கொள்கை உடையவர். தலைவரிடம் பிள்ளைகள் அச்சமின்றி ஓடிவந்து பேசியதைக் கண்டதே பேர்லின் முடிவுக்குக் காரணமாயிற்று. ஒன்பது வயது மகளை அங்கே விட்டுவிட்டுத் திரும்பிய நாளே தம் வாழ்வின் மிகக் கடினமான நாள் என அவர் கருதினார்.

பள்ளிக் கட்டணத்துக்காக அவர் கடன் வாங்க நேர்ந்தது. சமயப் பணியாளர் குடும்பத்தின் வருவாய் மகளின் வாழ்நாள் பராமரிப்புக்குப் போதாது. எழுத்தில் அவருக்கு இளமை முதலே நாட்டம் இருந்தது. ஆயினும் அதனைத் தொழிலாகக் கொண்டு விரைந்து எழுதியதற்கு, கேரலின் எதிர்காலத்தைப் பொருளாதார வகையில் உறுதி செய்ய வேண்டிய தேவை முதன்மையான காரணமாகும். பின்னாளில் புத்தக வருவாயைக் கொண்டு கேரலும் தோழியரும் வாழ்வதற்கென அப்பள்ளி வளாகத்திலேயே ஒரு தனி வீட்டையும் கட்டிக்கொடுத்தார்.

வைன்லேண்ட் பள்ளியின் வரலாறு இருவேறு முகங்களைக் கொண்டது. 1906 முதல் 1918 வரை அங்கு ஆய்வுத் துறையை நடத்திய என்றி கோடார்டு, அறிவுக்குறைபாடு குலவழியில் வரும் இழிவு என்னும் கருத்தைப் பரப்பும் நூலை 1912 இல் எழுதினார். அக்கருத்து பின்னர் அறிவியலாளர்களால் மறுக்கப்பட்டது. அதே பள்ளியில் எட்கர் டால் 1935 ஆம் ஆண்டில் வெளியிட்ட வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல், உண்ணல், உடுத்தல், பேசுதல், பிறருடன் பழகுதல் ஆகிய அன்றாடத் திறன்களைக் கொண்டு ஒருவரின் வளர்ச்சியை அளவிடுகிறது. இதன் இந்திய வடிவம் இந்தியாவில் அறிவுசார் குறைபாட்டை மதிப்பிடவும் பயன்படுகிறது. ஆகவே, மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காக மருத்துவமனைக்குச் செல்லும் தமிழ்நாட்டுப் பெற்றோர் பலரும் கேரல் வாழ்ந்த பள்ளியின் பெயரை அறியாமலேயே எதிர்கொள்கின்றனர் எனலாம்.

இலக்கிய வாழ்வு

பேர்லின் முதல் புதினமான ஈஸ்ட் விண்ட்: வெஸ்ட் விண்ட் 1930 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு மார்ச் மாதம் வெளியான தி குட் எர்த், 1931, 1932 ஆகிய இரு ஆண்டுகளிலும் அமெரிக்காவில் மிகுதியாக விற்ற புதினமாகத் திகழ்ந்தது. வாங் லுங் என்னும் ஏழை உழவனும் அவன் மனைவி ஓ-லானும் நிலத்தோடு கொண்ட உறவை இது கூறுகிறது. அவர்களுடைய மூத்த மகள் பேச்சும் அறிவு வளர்ச்சியும் இல்லாதவள். வறுமையிலும் செல்வத்திலும் வாங் லுங் அம்மகளைக் கைவிடுவதில்லை. முதுமையில், தனக்குப் பின் அவளை யார் காப்பார் என்று கலங்குகிறான். இப்பாத்திரத்தின் பின்னணியில் கேரல் இருந்ததை அன்றைய வாசகர்கள் அறிந்திருக்கவில்லை.

இப்புதினம் 1937 ஆம் ஆண்டில் திரைப்படமாகி, ஓ-லானாக நடித்த லூயிசு ரைனருக்கு ஆசுக்கர் விருதைப் பெற்றுத் தந்தது. சீனச் செவ்வியல் புதினமான சுயி ஹூ சுவான் நூலைப் பேர்ல் மொழிபெயர்த்து 1933 இல் வெளியிட்டார்.

சமயப் பரப்புப் பணியைக் குறைகூறி 1932 இல் இவர் ஆற்றிய உரை பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அடுத்த ஆண்டு திருச்சபைப் பணியிலிருந்து விலகினார். மகளுக்கு அருகில் இருக்க வேண்டும் என்பதும் சீனாவின் அரசியல் நிலையும் சேர, 1934 ஆம் ஆண்டில் சீனாவை விட்டு நிலையாக வெளியேறினார். 1935 இல் மணமுறிவு பெற்று, தம் பதிப்பாளரான ரிச்சர்ட் வால்ஷை மணந்தார். பென்சில்வேனியாவில் கிரீன் ஹில்ஸ் என்னும் பண்ணையை வாங்கி, தத்தெடுத்த பிள்ளைகளுடன் அங்கு வாழ்ந்தார். இவர் தத்தெடுத்த பிள்ளைகள் மொத்தம் எழுவர் ஆவர்.

வளராத குழந்தை

நோபல் பரிசு பெற்ற பிறகும் பேர்ல் கேரலைப் பற்றிப் பொதுவில் பேசுவதைத் தவிர்த்தே வந்தார். அவர் இம்மௌனத்தைக் கலைத்தது கேரலுக்கு முப்பது வயதானபோதுதான். 1950 ஆம் ஆண்டு மே மாதம் லேடீஸ் ஹோம் ஜர்னல் என்னும் மகளிர் இதழில் அவர் எழுதிய நீண்ட கட்டுரை வெளிவந்தது. அது அவ்வாண்டிலேயே தி சைல்ட் ஹூ நெவர் குரூ (வளராத குழந்தை) என்னும் நூலாயிற்று. மகள் பிறந்தது முதல் வைன்லேண்டில் விட்டது வரையிலான வரலாறு இதில் கூறப்பட்டுள்ளது. பெற்றோர் வெட்கப்பட வேண்டியதில்லை, துயரத்தை ஏற்றுக்கொள்வதும் ஒரு கல்வி, எக்குழந்தையின் வாழ்வும் பயனற்றதன்று என்பன இந்நூலின் சாரம்.

இந்நூலுக்குப் பெற்றோரிடமிருந்து மடல்கள் வந்து குவிந்தன. அமெரிக்கப் பெற்றோர் தேசியச் சங்கம் ஒன்றை அமைத்ததும் இதே ஆண்டில்தான். பிரான்சின் சார்ல் டி கோல் தம் மகள் ஆனின் பெயரால் 1945 இல் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கியிருந்தார். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் தங்கை யூனிசு, தம் அக்காள் ரோஸ்மேரியின் நிலையை 1962 இல் இதழில் எழுதினார். இந்தியாவில் மும்பையைச் சேர்ந்த ஜெய் வக்கீல் என்னும் பெண்மணி, டவுன் நோய்க்குறியுடன் பிறந்த தம் மகளுக்காக 1944 ஆம் ஆண்டில் தம் வீட்டிலேயே ஒரு சிறப்புப் பள்ளியைத் தொடங்கியது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

நோயின் காரணம்

கேரலின் குறைபாட்டுக்குக் காரணம் பினைல்கீட்டோனூரியா என்னும் மரபுவழி நோய் என்பது அவர் வளர்ந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னரே தெரியவந்தது. உணவுப் புரதத்தில் உள்ள பினைல்அலனின் என்னும் அமினோ அமிலத்தை மாற்றும் நொதியம் இந்நோயில் செயல்படுவதில்லை. அதனால் அவ்வமிலம் குருதியில் தேங்கி, வளரும் மூளையைப் பாதிக்கிறது. தோல் தடிப்பு, வெளிறிய முடி, உடலில் ஒருவகைப் பூஞ்சை நாற்றம் ஆகியன இதன் அறிகுறிகள். மருத்துவம் பெறாத பிள்ளைகளிடம் மதியிறுக்கம் எனப்படும் ஆட்டிசத்தை ஒத்த நடத்தைகளும் காணப்படும்.

தாய், தந்தை இருவரும் அறியாமலே குறைபாடுள்ள மரபணுவைக் கொண்டிருந்தால், ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இந்நோய்க்கு உண்டு. நார்வே நாட்டு மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங் 1934 ஆம் ஆண்டில் இதனைக் கண்டறிந்தார். குறைபாடுள்ள இரு பிள்ளைகளின் தாய், காரணம் அறியாமல் ஓயமாட்டேன் என்று அவரை நாடியதே இக்கண்டுபிடிப்புக்கு வழிவகுத்தது. 1953 இல் ஹோர்ஸ்ட் பிக்கல் குழுவினர், பினைல்அலனின் குறைந்த உணவு பயன் தருவதை வெளியிட்டனர். 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கத்ரி, குதிகாலில் எடுக்கும் சில துளிக் குருதியைக் கொண்டு பிறந்த சில நாட்களிலேயே நோயை அறியும் சோதனையை உருவாக்கினார். இன்று தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டு உணவுக் கட்டுப்பாட்டில் வளரும் பிள்ளைகள் இயல்பாக வளர்கின்றனர். நோய் கண்டறியப்பட்டபோது கேரலுக்கு வயது 14. உணவு மருத்துவம் வந்தபோது வயது 33.

கேரலின் சிறுவயதில் மதியிறுக்கம் ஒரு தனிக் குறைபாடாக அறியப்பட்டிருக்கவில்லை. லியோ கானர் 1943 இலும், ஹான்ஸ் அஸ்பெர்கர் 1944 இலும் அதனை விவரித்தனர். தாயின் அன்பின்மையே அதற்குக் காரணம் என்னும் தவறான கருத்து 1950களிலும் 1960களிலும் பரவி, தாய்மார் பலரைக் குற்ற உணர்வில் ஆழ்த்தியது. இக்கருத்து பின்னர் முற்றிலும் கைவிடப்பட்டது.

தத்தெடுப்புப் பணிகள்

கலப்பினக் குழந்தைகளைத் தத்தெடுப்பு நிறுவனங்கள் ஏற்க மறுத்த காலத்தில், 1949 ஆம் ஆண்டில் பேர்ல் வெல்கம் ஹவுஸ் என்னும் இல்லத்தைத் தொடங்கினார். இந்தியத் தந்தைக்கும் அமெரிக்கத் தாய்க்கும் பிறந்த 15 மாத ஆண் குழந்தையை ஏற்க எவரும் முன்வராததே இதற்கு உடனடிக் காரணம் ஆகும். ஆசிய நாடுகளில் அமெரிக்கப் படைவீரர்களுக்குப் பிறந்து கைவிடப்பட்ட பிள்ளைகளுக்காக 1964 இல் தம் பெயரில் அறக்கட்டளை ஒன்றையும் நிறுவினார். 1960களின் இறுதியில் அதன் நிருவாகம் கடும் குறைகூறலுக்கு உள்ளானது. அறிவுசார் குறைபாடு உடையோரிடமிருந்து சமூகம் பெறும் நன்மைகளைப் பற்றி 1965 இல் மற்றோர் எழுத்தாளருடன் இணைந்து ஒரு நூல் எழுதினார்.

இந்தியாவுடன் தொடர்பு

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பேர்ல் இந்திய விடுதலையை ஆதரித்து அமெரிக்காவில் பேசியும் எழுதியும் வந்தார். இந்தியாவைக் களமாகக் கொண்டு கம், மை பிலவட் (1953), மண்டலா (1970) ஆகிய புதினங்களை எழுதினார். சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்த ஆர். கே. நாராயணின் தி கைடு புதினம் 1965 இல் திரைப்படமானபோது, அதன் ஆங்கில வடிவத்துக்கான திரைக்கதையில் பேர்லின் பங்கும் உண்டு.

தமிழகச் சூழலில்

பேர்லின் வாழ்வு எழுப்பும் கேள்விகள் தமிழகப் பெற்றோருக்கும் உரியவை. அக்காள் மகள், மாமன் மகள் முதலிய உறவுமுறைத் திருமணங்கள் தமிழ்நாட்டிலும் கருநாடகத்திலும் இன்றும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் நடக்கின்றன. பினைல்கீட்டோனூரியா போன்ற ஒடுங்கு மரபணு நோய்களுக்கு இவை வாய்ப்பை மிகுவிக்கின்றன. 1980களில் பெங்களூர் அறிவியலாளர்கள் கருநாடகத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகளைச் சோதித்து, இத்தகைய அமினோ அமில நோய்கள் அங்கு உள்ளதை உறுதி செய்தனர். எனினும் இந்தியாவில் இச்சோதனை நாடு முழுவதற்குமான கட்டாயத் திட்டமாக ஆகவில்லை.

கிருட்டிணகிரி மாவட்டத்தில் ஓசூரை அடுத்த சானமாவு போன்ற எல்லைப்புற ஊர்களில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒருங்கே வழங்குகின்றன. பல மொழி கேட்டு வளர்வதால்தான் பிள்ளை பேசவில்லை என்று கருதிக் காலம் தாழ்த்துவது தவறு. பல மொழிச் சூழல் மதியிறுக்கத்துக்குக் காரணம் அன்று. மதியிறுக்கம் வேறு, பினைல்கீட்டோனூரியா வேறு. பேச்சுத் தாமதம் கண்டால் இரண்டையும் மருத்துவரே பிரித்தறிய வேண்டும். காத்திருந்து பார்க்குமாறு நண்பர்கள் சொன்ன அறிவுரையே கேரலின் தாயையும் சில ஆண்டுகள் தாமதிக்கச் செய்தது.

தமக்குப் பின் பிள்ளையை யார் காப்பார் என்னும் பேர்லின் கேள்விக்கு இந்தியாவில் சட்டவழியாக ஒரு விடை 1999 ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் உள்ளது. மதியிறுக்கம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுள் ஒன்றை உடையவர் 18 வயதைக் கடந்த பின், அவருக்குச் சட்டப்படியான பாதுகாவலரை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் குழு நியமிக்கிறது. சானமாவு குடும்பங்களுக்குக் கிருட்டிணகிரி மாவட்டக் குழுவே இதற்கு உரியது. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மதியிறுக்கத்தைத் தனிக் குறைபாடாக ஏற்றுள்ளது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் செயற்பட்டு வருகிறது.

குறைகூறல்கள்

மகளை ஒன்பது வயதில் பள்ளியில் விட்டதையும், இருபது ஆண்டுகளுக்கு மேல் அவரைப் பற்றி மௌனம் காத்ததையும் சிலர் குறைகூறுவர். பிள்ளையை வீட்டில் வைத்து வளர்ப்பதற்கு உதவும் பள்ளியோ பயிற்சியோ உதவித்தொகையோ அக்காலத்தில் இல்லை என்பதையும் கருத வேண்டும். நூலின் தலைப்பும் அதில் கையாளப்பட்ட சொற்கள் சிலவும் இன்று ஏற்கத்தக்கன அல்ல. அறிவுசார் குறைபாடு உடையவரை வாழ்நாள் முழுவதும் குழந்தையாகவே கருதுவது அவருடைய உரிமைகளைக் குறைக்கும் என்பது தற்கால அணுகுமுறை ஆகும்.

மறைவு

1972 ஆம் ஆண்டில், அமெரிக்கத் தலைவர் நிக்சனின் பயணத்தை ஒட்டிச் சீனா செல்ல விரும்பினார். சீன அரசு அனுமதி மறுத்துவிட்டது. 1973 ஆம் ஆண்டு மார்ச் 6 ஆம் நாள், வெர்மான்ட் மாநிலம் டான்பி என்னும் ஊரில், நுரையீரல் புற்றுநோயால் தம் 80 ஆம் வயதில் காலமானார். கிரீன் ஹில்ஸ் பண்ணையில் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறையில் ஆங்கிலப் பெயருக்கு மாற்றாகச் சீன எழுத்துகளில் அவருடைய பிறந்தவீட்டுப் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது.

தாயின் மறைவுக்குப் பின் கேரலின் பாதுகாவலராகத் தத்து மகள் ஜானிஸ் பொறுப்பேற்றார். கேரல் 1992 ஆம் ஆண்டில் தம் 72 ஆம் வயதில் வைன்லேண்டில் காலமானார். அதே ஆண்டில் மறுபதிப்பான வளராத குழந்தை நூலுக்கு, அக்காளின் பிற்கால வாழ்வை விவரித்து ஜானிஸ் பின்னுரை எழுதியது குறிப்பிடத்தக்கது.